84,000 கிலோமீட்டர் ஓடிய பைக்கும், அதில் ஏற விரும்பாத அக்கா மகனும்

போன வாரம் என் பைக்கின் ஓடோமீட்டர் 84,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வாங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. இதற்கு முன்பு வேறொரு கம்பெனியின் பைக்கை 5 ஆண்டுகள் வைத்திருந்தேன். 23,000 கிலோமீட்டரில் விற்றுவிட்டேன். இரண்டுமே ஒற்றை சிலிண்டர், ஏறக்குறைய ஒரே திறன். இரண்டையும் நான் ஓட்டியது ஒரே மாதிரிதான், கவனித்ததும் ஒரே மாதிரிதான். அப்படியிருந்தும் ஒன்று என்னைச் சாலையில் நிறுத்திக்கொண்டே இருந்தது, இன்னொன்று கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டு கம்பெனிகளின் பெயரையும் சொல்லப் போவதில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்தப் பழைய கம்பெனியின் வேறொரு மாடலை 8 ஆண்டுகளாக எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டுகிறார். அவரிடம் போய் உங்கள் கம்பெனி மோசம் என்று சொன்னால் அது நியாயமாக இருக்காது.

முதல் பைக்கின் கதை பேட்டரியில் தொடங்கியது. வாங்கிய ஏழாம் மாதம் ஒரு காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அதே கதை, மறுபடியும் பேட்டரி. மூன்றாவது முறையும் அதேதான். பேட்டரி ஏன் இறங்குகிறது என்று ஒருவரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. கடைசியில் வெளியே ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். 11.9 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் இருக்கும்போதே 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். அப்படியானால் பேட்டரிக்குச் சார்ஜே போகவில்லை. சீட்டைக் கழற்றி ஆர்.ஆர். யூனிட் என்கிற ரெகுலேட்டர் ரெக்டிஃபையரின் கனெக்டரைக் காட்டினார். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது.

இந்த யூனிட்டைப் பற்றிப் பைக் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மேக்னெட் காயிலில் உண்டாகும் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசைக்கு மாற்றி, பேட்டரி தாங்கும் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. நிறைய பைக்குகளில் தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை ஷார்ட் செய்துதான் அடக்குகிறார்கள். அதனால் ஓடும் நேரமெல்லாம் இது சூடாகவே இருக்கும். காற்று படும் இடத்தில் பொருத்தினால் பல ஆண்டுகள் உழைக்கும். என் பழைய பைக்கில் அதைச் சீட்டுக்கு அடியில், காற்றே வராத ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். புதிதாகப் போட்ட யூனிட்டும் ஒன்றரை ஆண்டில் போனது. குறை அந்தப் பாகத்தில் இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது. வரைபடம் போட்டவர் அன்றைக்கு ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் இவ்வளவு தொல்லை வந்திருக்காது.

அது இரண்டாம் முறை போனது ஓர் இரவு. என் அக்கா மகன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு 8 வயது. முதலில் ஹெட்லைட் மங்கியது. பிறகு என்ஜின் இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தான். அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வீடு வந்ததும், "இனிமே பஸ்ல போலாம் மாமா" என்றான். அவ்வளவுதான். அந்த வார்த்தையை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, இப்போதைய பைக்குக்கு வருகிறேன். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். 11 ஆண்டுகளில் செயின் ஸ்ப்ராக்கெட் செட் நான்கு முறை, பின் டயர் ஐந்து முறை, முன் டயர் மூன்று முறை, பேட்டரி மூன்று முறை, கைப்பிடி திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் இரண்டு முறை. க்ளட்ச் பிளேட் 58,000 கிலோமீட்டரில் ஒரே முறை. அதையும், டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்ததையும் தவிர என்ஜினைத் திறக்கவே இல்லை. பஞ்சரை விட்டுவிட்டால், சாலையில் நின்றது இரண்டே தடவை. 31,000இல் க்ளட்ச் கேபிள் அறுந்தது. 67,000இல் சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு புகுந்து, ஸ்டாண்டு எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு என்ஜின் கிளம்ப மறுத்தது. இரண்டும் அரை மணி நேரத்தில் தீர்ந்தன. க்ளட்ச் கேபிள் ஒன்று அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. சீட் கல் மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இறங்கி நடக்க வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கைப்பிடியில் அதிர்வு வந்து விரல்கள் மரத்துப்போகும். சைலன்சர் ஐந்தாம் ஆண்டிலேயே துருப்பிடித்தது. ஹெட்லைட் வெளிச்சம் போதாது. 70,000 கடந்த பிறகு ஆயிலும் கொஞ்சம் குடிக்கிறது, இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஒரு தடவை அளவு பார்த்து ஊற்றுகிறேன். லிட்டருக்கு 36 கிலோமீட்டர் கொடுத்தது இப்போது 33 கொடுக்கிறது. இத்தனைக்கும் நாளைக் காலை இது கிளம்புமா என்று ஒரு நாளும் யோசித்துக்கொண்டே படுத்ததில்லை. என்னைப் பொறுத்தவரை நம்பகம் என்றால் அதுதான்.

எந்த கம்பெனி நம்பகமானது என்ற கேள்விக்கு எண்களும் இருக்கின்றன. பொருட்களைச் சோதித்து எழுதும் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2015இல் தன் வாசகர்களிடம் கேட்டு ஒரு கணக்கு வெளியிட்டது. நான்காம் ஆண்டுக்குள் பழுதாகும் வாய்ப்பு யமஹாவுக்கு 11 சதவீதம், சுஸுகிக்கும் ஹோண்டாவுக்கும் 12, கவாசாகிக்கு 15. ஹார்லி டேவிட்சனுக்கு 26, டுகாட்டிக்கு 33, பிஎம்டபிள்யூவுக்கு 40. இதை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. ஒரு கம்பெனியின் எல்லா மாடல்களையும் சேர்த்துப் போட்ட சராசரி இது. எலெக்ட்ரானிக்ஸும் கூடுதல் வசதிகளும் நிறைய உள்ள பெரிய பைக்கில் பழுதாகக்கூடிய இடங்களும் அதிகம். நீங்கள் வாங்கப்போவது ஒரு கம்பெனியை இல்லை, ஒரு மாடலை. அதிலும் அது வந்து எத்தனையாவது ஆண்டு என்பது முக்கியம். புது என்ஜின் அறிமுகமான முதல் ஆண்டில் வாங்குவதை நான் விட்டுவிட்டேன்.

அதே கணக்கெடுப்பில், மறுபடியும் இதையே வாங்குவேன் என்று சொன்னவர்கள் அதிகம் இருந்தது விக்டரி என்ற பிராண்டில். பழுது கணக்கிலும் அது மோசமில்லை, 17 சதவீதம்தான். ஆனால் 2017 ஜனவரியில் அதன் உரிமையாளரான போலாரிஸ் நிறுவனம் விக்டரியை மூடப்போவதாக அறிவித்தது. 10 ஆண்டுகளுக்கு ஸ்பேர் தருவோம் என்று மட்டும் சொன்னது. வண்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கம்பெனி நிலைக்காவிட்டால் பத்து ஆண்டு கழித்து ஒரு சின்ன ரப்பர் சீலுக்கு அலைய வேண்டியிருக்கும். என் இரண்டாவது பைக்கை வாங்கும் முன்பு நான் முதலில் விசாரித்தது மைலேஜை அல்ல. பத்து ஆண்டு பழைய மாடலுக்கு இன்னும் பாகம் கிடைக்கிறதா என்று கேட்டேன். கிடைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றது.

அப்புறம், இளைஞர்களுக்கு பைக் மேல் ஆர்வம் குறைகிறது என்கிற விஷயம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கைபேசியைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பைக்கை முன்பின் தொடாதவர்களை ஓட்ட வைத்தது எது என்று பாருங்கள். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் க்ளட்ச் லீவரே கிடையாது, சங்கிலியை மூடி வைத்திருந்தார்கள், உடையில் எண்ணெய் படாது, மெக்கானிக் வேலை தெரியாதவரும் வைத்துக்கொள்ளலாம். 2017இல் அந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. 1969இல் வந்த ஹோண்டாவின் சிபி750 பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டும் முன் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. என்ஜினின் அடிக்கூடான கிரேங்க் கேஸை மேல் கீழாகப் பிரித்ததால், இடம் வலமாகப் பிரிந்த அந்தக் காலத்து பிரிட்டிஷ் என்ஜின்கள் மாதிரி இணைப்பில் எண்ணெய் கசியவில்லை. நம்பிக்கை வந்த பிறகுதான் புது ஆட்கள் வந்தார்கள்.

இப்போது அவர்கள் குறைகிறார்கள் என்பது உண்மைதான். அமெரிக்காவில் பைக் வைத்திருப்பவர்களின் இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) 1990இல் 32; 2018இல் 50. அதே நாட்டில் 16 வயதுப் பிள்ளைகளில் ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தவர்கள் 1983இல் 46 சதவீதம், 2014இல் அது 24.5 ஆகிவிட்டது. பைக்கை மட்டும் அவர்கள் ஒதுக்கவில்லை, காரையும் தள்ளிப்போடுகிறார்கள். ஜப்பானில் 1982இல் ஏறக்குறைய 33 லட்சம் இருசக்கர வாகனங்கள் விற்றன. இப்போது சுமார் 4 லட்சம். உரிமம் எடுக்காதே, வாங்காதே, ஓட்டாதே என்ற மூன்று தடைகளை அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகள் 1980களில் பரவலாகக் கொண்டுவந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல், 18 வயதில் 35 கிலோவாட் வரையுள்ள பைக் மட்டுமே. பெரிய பைக்கை நேரடியாக எடுக்க 24 வயது ஆக வேண்டும். பாதுகாப்புக்காக வந்த விதிகள்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் வாசலில் இத்தனை பூட்டைப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஆசை இல்லை என்று சொல்வது தப்பு. இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம் போன்ற நாடுகளில் இளைஞர்கள் இன்னும் நிறைய ஓட்டுகிறார்கள். அங்கே அது வேலைக்கும் படிப்புக்கும் போக வேண்டிய வாகனம்.

என் அக்கா மகனுக்கு இப்போது 20 வயது. பைக் வேண்டுமா, நான் உதவுகிறேன் என்று போன ஆண்டு கேட்டேன். வேண்டாம் என்றான். விபத்து பயமா, செலவா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல மாமா. நீங்க பைக் பத்தி எங்கிட்ட சொன்னதுல பாதிக்கு மேல அது நின்னுபோன கதைதான். எனக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

எனக்கு வலித்தது. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. 12 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு யூனிட் போனதில் ஒரு பிள்ளையின் ஆர்வமும் சேர்ந்து போய்விட்டது. கம்பெனியின் வாரண்டிக் கணக்கில் அது ஒரு ஆர்.ஆர். யூனிட்டாகத்தான் பதிவாகியிருக்கும். இந்த பைக் நிற்காமல் ஓடிய 84,000 கிலோமீட்டரைப் பற்றி நானும் அவனிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த நாளில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவனிடம் பைக் வாங்கு என்று சொல்லவில்லை. சர்வீஸ் நோட்டை மட்டும் படிக்கக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "ரெண்டே தடவையா?" என்றான். இரண்டு வாரம் முன்பு டேப்பெட் பார்க்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அவன் கையில் கொடுத்தேன். இடைவெளியில் தகடு லேசாக உரசிக்கொண்டு நழுவ வேண்டும். இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. இன்டேக் வால்வு பக்கம் முதல் தடவையே பிடித்துவிட்டான். எக்ஸாஸ்ட் பக்கம் நட்டை முடுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பியது. நான் கை நீட்டினேன், "இருங்க மாமா" என்று மூன்று முறை அவனே செய்து பார்த்தான். பிறகு மல்டிமீட்டரை எடுத்து வரச் சொல்லி, என்ஜினை ஓடவிட்டு பேட்டரியில் வைத்துப் பார்த்தான். 14.1 வந்தது.

ஓட்டிப் பார்க்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பிரேக் ஆயில் மாற்ற வேண்டும், வருகிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான்.