குளிரில் எடுக்கும் ஈசிஜி: ஆறு ஆண்டு அனுபவம்

இந்த இயந்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் குளிரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் தாதியாக இருக்கிறேன். இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரையும் ஈசிஜி இயந்திரம், தூக்கிச் செல்லக்கூடியது, ஒரே நேரத்தில் மூன்று கோடு வரையும் மூன்று சேனல் வகை, எங்களுக்குக் கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதங்களில் எடுத்த தாள்களில் பாதிக்கு மேல் கோடு முழுக்க ரம்பப்பல் போல இருந்தது. இயந்திரம் பழுது என்றே நினைத்தோம். மழையில் நனைந்து வந்தவர்களை ஈரம் காயுமுன் படுக்க வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். அவர்களுடைய தசை நடுக்கம்தான் தாளில் விழுந்திருக்கிறது. இப்போது துடைத்து, கம்பளி போர்த்தி, பத்து நிமிடம் படுக்க வைத்த பிறகுதான் வயர்களைத் தொடுகிறேன். கோடு நெடுகச் சீராகத் தடித்துத் தெரிந்தால் அது மின்சாரத்தின் வேலை. சார்ஜர் வயரைக் கழற்றி பற்றரியில் ஓட விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தாளைப் படிக்கக் கட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும். தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடுகிறது. ஆகவே ஒரு மில்லிமீற்றர் அகலமான சின்னக் கட்டம் 0.04 செக்கன், ஐந்து சின்னக் கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.20 செக்கன். அடுத்தடுத்த இரண்டு உயர்ந்த முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கான துடிப்பு கிடைக்கும். நான்கு கட்டமென்றால் 75, ஐந்தென்றால் 60. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் கோடு. அப்போது லீட் 2ஐ மட்டும் 25 சென்ரிமீற்றருக்கு ஓட விட்டு, அந்தப் பத்து செக்கனில் விழுந்த துடிப்புகளை எண்ணி ஆறால் பெருக்குகிறேன்.

பிறகு பி அலை. ஒவ்வொரு துடிப்புக்கு முன்னும் அந்தச் சிறு மேடு இருக்கிறதா? அதன் தொடக்கத்திலிருந்து, கியூஆர்எஸ் என்னும் அந்த உயர்ந்த கூர்முனைப் பகுதி தொடங்கும் வரை மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இருக்கலாம். கியூஆர்எஸ்ஸின் அகலம் மூன்று கட்டத்துக்குள் நிற்க வேண்டும். நூறு தாளையாவது இந்த வரிசை மாறாமல் பார்த்த பின்புதான் எனக்குக் கண் பழகியது. பி, கியூ, ஆர், எஸ் என்ற இந்த எழுத்துகளைச் சூட்டியவர் 1924இல் நோபல் பரிசு பெற்ற டச்சு மருத்துவ அறிஞர் ஐந்தோவன். நூறு ஆண்டு தாண்டியும் அவை மாறவில்லை.

வயர் மாறினால் எல்லாமே பிழைத்துவிடும். எங்கள் இயந்திரத்தில் வலக்கைக்குச் சிவப்பு, இடக்கைக்கு மஞ்சள், இடக்காலுக்குப் பச்சை, வலக்காலுக்குக் கறுப்பு. லீட் 1 தலைகீழாக வந்தால் நோயைத் தேடுமுன் கை வயர்களைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வயர்களில் வி1, வி2 இரண்டையும் நான்காம் விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் இரு பக்கமும் வைக்கிறேன். வி4க்குரிய இடத்தைக் கண்டுபிடித்த பிறகே வி3; அது வி2க்கும் வி4க்கும் நடுவே வருவது. பெண்களுக்கு எடுக்கும்போது கூச்சத்தால் இடத்தை மேலே தள்ளிவிடக் கூடாது. நல்ல திரைச்சீலையும் கூட ஒரு பெண்ணும் இருந்தால் அவர்களே ஒத்துழைக்கிறார்கள்.

இயந்திரத்தில் எனக்கு உள்ள ஒரே பெரிய குறை, தாளின் தலையில் அதுவே அச்சிடும் முடிவு. தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெஞ்சை ஏதோ அடைக்கிறது, வாய்வாக இருக்கும் என்றார். தாளில் 'இயல்பானது' என்று விழுந்தது. நானும் கட்டம் கட்டமாகப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அரைப் பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது கிடைக்கட்டும், வேலைக்குத் திரும்புகிறேன் என்று எழுந்தார். அவர் நெற்றி வியர்த்திருந்ததை என்னால் விட முடியவில்லை. "ஐயா, இருபது நிமிடம் எனக்காகப் படுங்கள்" என்றேன். இரண்டாம் தாளில், இதயத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும், கியூஆர்எஸ்ஸை அடுத்து வரும் எஸ்டி பகுதி ஒரு சின்னக் கட்டத்துக்கு மேல் தூக்கியிருந்தது. ஏவிஎல் என்ற இன்னொரு லீட்டில் அதற்கு எதிராக இறங்கியிருந்தது. இதயத்தின் அடிப்பக்கத்து மாரடைப்பு. உடனே 1990 அம்புலன்ஸை அழைத்தோம், இரண்டு தாள்களையும் அவரோடு அனுப்பினோம். மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி சுத்தமாக இருக்கலாம். நெஞ்சு வலி நிற்காதவரை ஒரு தாளை நம்பி யாரையும் மலைக்கு அனுப்பக் கூடாது. இதைப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

பற்றரி மூன்றாம் ஆண்டில் களைத்தது, மாற்றிய பின் குறையில்லை. தாள்தான் கவலை. வெப்பத்தால் அச்சாகும் தாள் என்பதால் எழுத்தும் கோடும் காலப்போக்கில் மங்கிவிடுகின்றன. பழைய தாளோடு ஒப்பிட்டால்தான் புதிய மாற்றம் தெரியும் என்பதால், அன்றன்றே போட்டோ பிரதி எடுத்துத் திகதி, நேரம், வலி இருந்ததா என்பதைப் பேனாவால் எழுதி வைக்கிறோம். அந்தப் பெரியவர் தம்முடைய பிரதிகளை நான்காக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார். மாதாமாதம் வந்து முதலில் அவற்றைத்தான் மேசையில் விரிக்கிறார்.