ரேக் கிளாம்ப் செட்: விளக்குக்குச் சரி, ஆன்டெனாவுக்கு அரம் வேண்டும்

பிக்கப்பின் பின்பக்க ரேக்கில் துளை போடாமலே விளக்கும் ஆன்டெனாவும் மாட்டலாம் என்று விற்கும் அலுமினிய கிளாம்ப் செட் இது. இரண்டு விளக்கு பிராக்கெட், ஒரு ஆன்டெனா தட்டு. விளக்கு மட்டும் போதும் என்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். இருவழியில் பேசும் ரேடியோவும் வைத்திருந்தால் கைவேலை கொஞ்சம் காத்திருக்கிறது.

பிடிப்பில் குறையே இல்லை. உள்ளே ரப்பர் பட்டை இருப்பதால் குழாயில் கீறல் விழவில்லை. நைலான் வளையம் வைத்த நட் என்பதால் குண்டும் குழியுமான பாதையிலும் தளரவில்லை.

வம்பு ஆன்டெனா தட்டில்தான். அந்த ரப்பரும் பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைக் கடத்தாது. தட்டில் ஒரு முனை, வண்டி பாடியில் ஒரு முனை என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், தொடர்பே காட்டவில்லை. 145 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு) என்பது அரை மீட்டர் கம்பிதான். மீதி வேலையை அடியில் உள்ள உலோகப் பரப்பு செய்தாக வேண்டும். அது கிடைக்காவிட்டால் எஸ்டபிள்யூஆர் எகிறும். ரேடியோ அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு அது, 1-ஐ நெருங்கினால் நல்லது. தட்டின் அடியில் பெயிண்டை அரத்தால் சுரண்டி, பல் வாஷர் வைத்து, ரேக்கையும் சேஸிஸையும் பின்னல் செம்புப் பட்டையால் இணைத்தேன். 3-க்கு மேல் நின்ற எஸ்டபிள்யூஆர் 1.4-க்கு இறங்கியது. சுரண்டிய இடத்தில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். எஃகு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். இந்தப் பாடே வேண்டாம் என்றால் அரை அலை ஆன்டெனா போடுங்கள். ஒரு மீட்டர் உயரம் வரும், ஆனால் அடிப்பரப்பை அவ்வளவாக நம்பியிருக்காது.

அப்புறம், விளக்கைப் போட்டதும் ரேடியோவில் இரைச்சல் ஏறியது. அது எல்இடி டிரைவர் சர்க்யூட்டின் வேலை, கிளாம்ப் மேல் பழி போட முடியாது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொல்லிப் படம் போட்டவர், ரேடியோவைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. ஆன்டெனாவை மறு மூலைக்குத் தள்ளி, விளக்கு ஒயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன். இரைச்சல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

ஒயரிங் எதுவும் செட்டில் வராது. 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். ரிலேயும் (சின்ன சுவிட்சால் பெரிய மின்னோட்டத்தை இயக்க உதவுவது) பேட்டரியை ஒட்டி மாட்ட ஒரு ஃபியூஸும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே குட்டையான ஆலன் கீ ஒன்று. விளக்கின் சாய்வை மாற்றும் திருகு கேபினை ஒட்டி வருகிறது, அவர்கள் கொடுக்கும் நீளமான கீ அங்கே நுழையாது.