ரெய்டு கார்டு டிரைவர்: கர்னலுக்குள்ளேயா, மாட்யூலாகவா?

மண்டபம், கீழக்கரைப் பக்கம் சர்வர் வைத்திருப்பவர்கள் லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கான்ஃபிக்கைத் தொடுமுன் எல்எஸ்பிசிஐ (இணைந்திருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். ரெய்டு கார்டே (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் கார்டு) பட்டியலில் இல்லையென்றால் கோளாறு கர்னலில் இல்லை. உப்புக்காற்றில் பச்சை பூத்த கார்டு முனையைக் கழற்றிப் பாருங்கள்.

மெகாரெய்டு (ஒரு வகை ரெய்டு கார்டு) டிரைவரை கான்ஃபிக்கில் 'எம்' என மாட்யூலாக்கினால் (வேண்டும்போது கர்னலில் ஏற்றும் தனிக் கோப்பு) இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளும் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) அது வேண்டும். விட்டுப்போனால் ரூட் டிஸ்க் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) கிடைக்காமல் பூட் பாதியில் நிற்கும்.

'ஒய்' என கர்னலுக்குள்ளேயே சேர்த்தால் அந்த வம்பு இல்லை. மின்வெட்டுக்குப் பின் ஆளில்லாத அறையிலும் சர்வர் எழும். ரூட் டிஸ்க்குக்கு இதுவே சரி. ஆனால் எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் ஆதரவு, ரூட்டின் கோப்பு முறைமை (பெரும்பாலும் எக்ஸ்ட்4) இரண்டும் 'ஒய்' ஆக வேண்டும். ஒன்றை மறந்தாலும் ரூட் மவுன்ட் ஆகாமல் கர்னல் பேனிக்தான் (கர்னல் மேலே ஓடாமல் நின்றுவிடும்). இனிட்ராம்எஃப்எஸ் இல்லையென்றால் ரூட்டுக்கு யூயூஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) செல்லாது, பார்ட்யூயூஐடி (டிஸ்க் பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுங்கள்.

ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு கேட்கும் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் மாட்யூலே மேல்.