வீட்டு டே கேரும் வீட்டு நாயும்: மூன்று ஏற்பாடுகளில் எது தாங்கும்?

வீட்டிலேயே ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மணி என்று ஒரு நாட்டு நாயும் இருக்கிறான். சேர்க்க வரும் அம்மாக்கள் அவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். "ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று சொல்லி இதுவரை ஒருவரையும் நான் சமாதானம் செய்ததில்லை. ஏனென்றால் அவர்களுக்கு இருப்பது ஒரு பயம் இல்லை. கடி, அலர்ஜி, அசுத்தம் என்று மூன்று.

முதல் ஏற்பாடு, என் கண் முன்னால் பிள்ளைகளோடு பழகவிடுவது. பிள்ளைக்குப் பயம் தெளியும், அது உண்மைதான். ஆனால் ஒரு நாள் இரண்டரை வயசுக் குழந்தை கையில் முறுக்கோடு மணியின் தட்டுக்கு மேல் குனிந்தாள். அவன் உறுமவில்லை. மெல்லுவதை நிறுத்தினான். உடம்பு விறைத்தது, கண்ணோரம் வெள்ளை தெரிந்தது. அள்ளித் தூக்கிவிட்டேன். ஏழு பேருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே நாள் முழுக்க அந்தக் கண்ணைக் கவனிக்க ஒரு ஆளால் ஆகாது. அந்த வயசில் பிள்ளையின் முகம் நாயின் வாய் உயரத்தில்தான் இருக்கும். தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும்.

இரண்டாவது, பின்னறையில் விட்டு நடுவில் கேட் போடுவது. கம்பி இடைவெளியில் பிஞ்சுக் கை நுழையாமல் இருந்தால் கடி பயம் தீர்ந்தது. அசுத்தமும் பெரும்பாலும் தீரும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை மணிக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், பிள்ளைகள் விளையாடும் மண்ணில் அவனை மலம் கழிக்க விடக் கூடாது. மண்ணில் விழுந்த நாய்ப்புழு முட்டை மாசக்கணக்கில் சாகாது. அலர்ஜிக்கு மட்டும் கேட் உதவாது. அலர்ஜி தருவது எச்சிலிலும் தோல் பொடியிலும் உள்ள புரதம். அது காற்றில் மிதக்கும், சோபாவில் படியும். முடி குறைவான ஜாதி வாங்கினாலும் அதே கதைதான்.

மூன்றாவது, பகலில் மணியை என் அம்மா வீட்டுக்கு அனுப்புவது. கடி பயமே இல்லை. ஆனால் ராத்திரி திரும்பி வருகிறவன் அந்தப் பொடியையும் கூடவே கொண்டு வருகிறான். நான்கு நாள் அனுப்பிப் பார்த்தேன். சோற்றைத் தொடாமல் அம்மா வீட்டு வாசலையே பார்த்துப் படுத்திருந்தான். அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

என் முடிவு கேட்தான். அதோடு இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். "வீட்டில் நாய் இருக்கு" என்று முதல் ஃபோனிலேயே சொல்லிவிடுவேன். சேர்த்த பிறகு தெரிந்தால் எந்தத் தாய்க்கும் நம்பிக்கை போய்விடும். பிள்ளைக்கு வீசிங், அலர்ஜி உண்டா என்றும் கேட்பேன். உண்டு என்றால் இந்த வீடு அந்தப் பிள்ளைக்கு வேண்டாம், நாய் பூனை இல்லாத டே கேர் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். ஒரு மாச ஃபீஸ் போகும், போகட்டும்.

மற்றவர்கள் நேரில் வரும்போது மணியின் தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுப்பேன். அப்புறம் கேட்டின் தாழ்ப்பாளை அவர்களையே போட்டு, ஆட்டிப் பார்க்கச் சொல்வேன்.