ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதவிலக்கு நிற்கும் மெனோபாஸ் நேரத்தில் ஹார்மோன் சிகிச்சை எனக்கு நன்றாகவே கைகொடுத்தது. திரும்பவும் அந்த வயது வந்தால் திரும்பவும் எடுத்துக்கொள்வேன். ஆனால் என் சொந்த அக்கா "நானும் சாப்பிடட்டுமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். டாக்டரும் அதையே சொன்னார். ஒரு தாய் வயிற்றில் பிறந்த எங்கள் இருவருக்கும் பதில் ஏன் மாறியது என்பது புரிந்தால், இந்த மருந்தைப் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டத்துப் பெண்கள், மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி டீச்சர்கள், தாமான் குடியிருப்பு வீட்டுக்காரம்மாக்கள் எல்லாரும் அளவு கொடுக்க வருவார்கள். டேப் பிடிக்கிறவளுக்கு ஊர்ப் பெண்களின் வயது தெரியும். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டில் இடுப்பளவு ஏறும். "கையை லூசா வைம்மா, லைனிங்கு காட்டன்ல போடு" என்பார்கள். மெனோபாஸ் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "உடம்பு சூடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் முறை வந்தபோது தொல்லை பட்டுத்துணியில் ஆரம்பித்தது. தீபாவளி ஆர்டர் குவிந்துகிடக்கும். குனிந்து ஹெம்மிங் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து கழுத்து, முகம், காது என்று அனல் ஏறும். நெற்றி வியர்வை பட்டில் சொட்டிவிடும், அந்தக் கறை லேசில் போகாது. வாடிக்கையாளர் கொடுத்த காஞ்சிபுரத் துணியில் கறை விழுந்தால் கூலி மட்டுமா போகும்? ராத்திரியில் அதைவிட மோசம். ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் நைட்டி நனைந்து எழுந்து உட்காருவேன். தூக்கம் போனதும் ஞாபகமும் போனது. ஒருத்தர் அளவை இன்னொருத்தர் துணியில் வெட்டினேன்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது மூளையில் உடல்சூட்டைக் கவனிக்கும் பகுதி துளி மாற்றத்தையும் தாங்காமல் போகிறது. சூடே இல்லாத நேரத்தில் சூடு என்று முடிவுகட்டி ரத்தக்குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அம்மா தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போகவேண்டியவர், நடுராத்திரியில் லயத்துப் பின்வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பார். காத்துக் கருப்பு அண்டிவிடும் என்று அப்பா சத்தம் போடுவார். வயதான பிறகு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். மாதவிலக்கு நின்றதும் எலும்பு வேகமாகத் தேய ஆரம்பிக்கும் என்று மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெஸ்ஸர் யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

"ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்க, தானா போயிடும்" என்றாள் அக்கா. போகிறவர்களுக்குப் போகும். ஆனால் அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு 2015இல் சொன்ன கணக்கு வேறு. அடிக்கடி அனல் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது 7.4 வருடத்துக்கு மேல் நீடித்திருக்கிறது. அவ்வளவு காலம் பட்டுத்துணிக்கு மேல் துண்டை விரித்துக்கொண்டு தைக்க முடியாது.

மாத்திரைக்குப் போகுமுன் எல்லாம் பார்த்தாயிற்று. உளுந்தங்களி, வெந்தயத் தண்ணீர், சோற்றுக்கற்றாழை, பக்கத்துக்கடை மலாய் மக்சிக் கொடுத்த காச்சிப் பாத்திமா மூலிகைக் காப்பி, சீன மருந்துக்கடை டாங் குவாய் வேர், டெலிகிராமில் ஒருத்தி விற்ற கேப்சூல். ஒவ்வொன்றும் முதல் சில வாரம் வேலை செய்வதுபோல்தான் இருந்தது. ஏன் என்று பிறகு புரிந்தது. ஹார்மோன் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் அனல் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, கிட்டத்தட்ட 58 விழுக்காடு. உண்மையான ஹார்மோன் அந்த வெற்று மாத்திரையையும் தாண்டி இன்னும் 75 விழுக்காடு குறைத்தது. ஆகவே "எனக்கு கேட்டுச்சு" என்று யாராவது சத்தியம் பண்ணினால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அதை நம்பிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். உளுந்தங்களியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது ருசிக்கு.

இப்போது பயத்துக்கு வருவோம். ஹார்மோன் என்றாலே மார்புப் புற்றுநோய் என்று நம் பெண்கள் ஒதுங்குவதற்குக் காரணம் 2002 ஜூலையில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, சுருக்கமாக டபிள்யூ.எச்.ஐ. கருப்பை உள்ள 16,608 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்று ஐந்து வருடம் சொச்சத்தில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

என் சின்னம்மா மார்புப் புற்றுநோயில் போனவர். அதனால் ஈப்போவில் மகளிர் நோய் நிபுணரிடம் போனபோதே பயத்தோடுதான் உட்கார்ந்தேன். அவர் சீனப் பெண்மணி, மலாயில் நிதானமாகப் பேசினார். "அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது என்ன தெரியுமா புவான்? 63" என்றார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் மார்புப் புற்றுநோய் 30 பேருக்கு வருவது 38 ஆகும், பக்கவாதம் 21 பேருக்கு வருவது 29 ஆகும். இடுப்பெலும்பு முறிவு 15லிருந்து 10 ஆகக் குறையும், பெருங்குடல் புற்றுநோய் 16லிருந்து 10 ஆகும். பூஜ்யம் என்று அவர் சொல்லவில்லை, கொலைகார மருந்து என்றும் சொல்லவில்லை. எட்டுப் பேர் என்று எண்ணாகப் பார்த்தபோது எனக்குத் தலை தெளிந்தது.

அக்கா கதை இங்கேதான் பிரிகிறது. அக்காவுக்கு வயது 64, மாதவிலக்கு நின்று பதினைந்து வருடம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, போதாததற்கு லேசாகப் பக்கவாதம் வந்து போயிருக்கிறது. டபிள்யூ.எச்.ஐ. ஆய்வு கிட்டத்தட்ட அக்காவின் வயதுப் பெண்களைப் பற்றியது. எனக்கு அப்போது ஐம்பது, மாதவிலக்கு தாறுமாறாக வந்துகொண்டிருந்தது, பிரஷர் சரியாக இருந்தது. அறுபதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள், அவஸ்தை உள்ள ஆரோக்கியமான பெண் ஆரம்பித்தால் பெரும்பாலும் நன்மையின் பக்கம்தான் தட்டு சாயும் என்பது இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் கண்டவர்கள், கல்லீரல் நோய் இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் தொடக்கூடாது. சின்னம்மாவைப் பற்றி டாக்டர் நிறையக் கேட்டார். அறுபதுக்கு மேல் வந்தது, அம்மாவுக்கும் எங்களுக்கும் இல்லை என்றதும் குறித்துக்கொண்டு முதலில் மேமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார்.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் குறிப்புத்தாளில் இருந்த கறுப்புக்கட்ட எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்ததும், "ஆபத்தெல்லாம் பொய்யாம்" என்று வாட்சாப்பில் எனக்கே அனுப்பினார்கள். அக்காவுக்கு வந்த பக்கவாதம் அந்த அறிவிப்பால் வராததாகிவிடுமா?

வீட்டில் கேட்டேன். செம்பனை லோரி ஓட்டுகிற மனுஷன், "உன் உடம்பு, நீ பாத்துக்க" என்றார். ஆதரவா கைகழுவலா என்று இன்றுவரை தெரியவில்லை. மாத்திரையை ஆரம்பித்தேன்.

மாதவிலக்கு முழுசாக நிற்காதவர்களுக்குத் தருகிற முறை எனக்கு. தினமும் எஸ்ட்ராடியோல் (ஈஸ்ட்ரோஜன் வகை), 28 நாள் அட்டையில் பின்பாதி 14 நாள் அதோடு டைட்ரோஜெஸ்டிரோன் (புரோஜெஸ்டின் வகை). கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கருப்பையின் உள்சுவர் தடித்து அங்கே புற்றுநோய் வரலாம், அதைத் தடுக்கத்தான் இரண்டாவது மருந்து. விளைவு, அட்டை முடியும் சமயத்தில் மாதவிலக்கு டாண் என்று வந்துவிடும். "நிக்கிற வயசுல காசு குடுத்துத் தீட்டு வாங்குறியேடி" என்று அக்கா சிரித்தாள். ஆனால் எப்போது வரும் என்று தெரிந்து வந்ததால் தைப்பூசத்துக்கும் திருவிழாவுக்கும் முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது.

முதல் மாதங்கள் சுகமில்லை. மார்பு கனத்து வலித்தது, வயிறு உப்பியது, அடிக்கடி தலைவலி. விட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் ராத்திரி நைட்டி நனையாமல் விடிய ஆரம்பித்தது. சில வாரத்தில் அனல் குறைந்து, மூன்றாம் மாதவாக்கில் ஏறக்குறைய நின்றுபோனது. பாதியில் விட நினைப்பவர்கள் மூன்று மாதமாவது பொறுத்து, டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிப் பார்த்துவிட்டு விடலாம்.

மார்க் போடச் சொன்னால் வியர்வைக்கு ஒன்பது, தூக்கத்துக்கு எட்டு, முழங்கால் வலிக்கு நாலு, இடுப்பளவுக்கு சைபர். ஹார்மோன் சாப்பிட்டால் குண்டாகிவிடுவோம் என்கிறார்கள், இளமை திரும்பும் என்றும் விற்கிறார்கள். என் டேப்பில் இரண்டும் தெரியவில்லை. கோபமும் குறைந்தது என்று எழுத ஆசைதான், வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சில வருடம் கழித்து ரத்தக்கொதிப்பு எட்டிப் பார்த்தது. நம் ஆட்களுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெல்லுக்கு மாற்றினார். வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. தோல்வழி போனால் அந்தத் தொல்லை குறைவு. கூடவே கருப்பைக் காவலுக்கு ராத்திரியில் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் கேப்சூல். அது தூக்கம் வரவழைக்கும், எனக்கு அது இலவச இணைப்பு. ஜெல்லில் ஒரே இம்சை, தடவியதும் காயும்வரை துணியைத் தொட முடியாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்வதற்குள் குழந்தைகள் மேல் படவே கூடாது. பேரன் ஓடிவந்து கையில் தொங்குகிறவன் என்பதால் தொடையில் தடவிக்கொண்டு அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்பேன்.

செலவைச் சொல்ல வேண்டும். தனியாரில் ஒரு மாத மருந்துக்கு லைனிங் வைத்த இரண்டு பிளவுஸின் கூலி போய்விடும், கன்சல்டேஷன் தனி. கையைக் கடித்தால் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பேசி, பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம், காத்திருக்கத்தான் வேண்டும். மேமோகிராமுக்குத் தகுதியுள்ள பெண்களுக்கு அரசாங்கக் குடும்ப நல வாரியமான எல்.பி.பி.கே.என். மானியம் தருகிறது, நம்மில் பலர் கேட்பதே இல்லை. மருந்து எடுக்கும்வரை பிரஷர், மார்புப் பரிசோதனை இரண்டையும் விடக்கூடாது. மாதவிலக்கு நின்றுபோன பிறகு எதிர்பாராமல் ரத்தம் பட்டால் அதே வாரம் டாக்டரிடம் போகவேண்டும்.

கடையில் திரைக்குப் பின்னால் மட்டும் பேசப்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. கீழே வறண்டுபோவது, புருஷன் பக்கத்தில் வந்தாலே வலி, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று. அனல் காலப்போக்கில் அடங்கும், இது தானாக அடங்குவதில்லை. இதற்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் தனியாக இருக்கிறது. ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம் என்பதால் வாய்வழி ஹார்மோன் ஒத்துவராத பலருக்கும் டாக்டர்கள் இதைத் தருகிறார்கள். அக்காவுக்குக் கடைசியில் கிடைத்தது இதுதான். மாதாமாதம் ஆன்டிபயாட்டிக் விழுங்கிக்கொண்டிருந்தவள், இப்போது கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள்.

இப்போது என் ஜெல்லின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். காரணம் காலக்கணக்கு. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பின்படி, ஐம்பது வயதில் ஆரம்பித்து ஐந்து வருடம் இரண்டு ஹார்மோனையும் தினமும் எடுக்கும் ஐம்பது பேரில் ஒருவருக்கு, எழுபது வயதுக்குள் கூடுதலாக மார்புப் புற்றுநோய் வரலாம். அது மேல்நாட்டுப் பெண்களின் கணக்கு என்றாலும் சின்னம்மாவை நினைத்தால் எனக்கு அது சின்ன எண் இல்லை. வருடம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. அளவு குறைந்ததும் அனல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, பட்டில் சொட்டும் அளவுக்கு இல்லை. அடுத்த பரிசோதனையில் நிறுத்துவதா, இதே அளவில் ஓட்டுவதா என்று மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம்.

ஒரு வேண்டுகோள். என் அட்டையைப் பார்த்துவிட்டு "எனக்கு நாலு குடுங்கக்கா, டிரை பண்ணிப் பாக்குறேன்" என்று கேட்டவர்கள் உண்டு. தோட்டத்தில் மாத்திரையைச் சீனி கடன் கொடுப்பதுபோல் கொடுத்து வாங்குவோம். இதை அப்படிக் கொடுக்காதீர்கள். கருப்பை எடுத்தவளுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், இருப்பவளுக்கு இரண்டும் வேண்டும், அக்காவைப் போன்றவளுக்கு அந்தக் கிரீமைத் தவிர எதுவும் ஆகாது. கேட்கிறவர்களிடம் நான் தருவது ஒரு துண்டுத்தாள். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, பிரஷர், சர்க்கரை, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன நோய், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று அதில் எழுதி டாக்டர் மேசையில் வையுங்கள்.