கொட்டாங்குச்சி கார்பன், அயோடின் 900: அடுக்குமாடி எஸ்.டி.பி.க்கு எடுக்குமா?

தேங்காய் உடைத்த பிறகு வீணாகும் ஓட்டைக் கரியாக்கி, 900 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்திச் செய்யும் கார்பன் இது. அயோடின் 900 என்பது உறிஞ்சும் திறனின் அளவு: ஒரு கிராம் கார்பன் சுமார் 900 மில்லிகிராம் அயோடினை உறிஞ்சும். 8×30 மெஷ், அதாவது 0.6 முதல் 2.4 மி.மீ. வரையிலான குருணை. 25 கிலோ மூட்டையாக வரும். எஸ்.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மணல் வடிகட்டிக்கு அடுத்த தொட்டியில் போடலாம். வாடை, லேசான மஞ்சள் நிறம், எஞ்சிய குளோரின் மூன்றையும் நன்றாக எடுக்கும். அம்மோனியா, நைட்ரேட், உப்பு எதையும் தொடாது. டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) குறையும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

இதன் துளைகளில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் சிறியவை. சிறு மூலக்கூறுகளுக்கு அது பொருத்தம். சாயக்கழிவின் பெரிய மூலக்கூறுகள் உள்ளே நுழையாது, அதற்கு மரக்கரி போன்ற பெரிய துளை வகை தேவை. ஓட்டுக் கரியின் பலம் கடினம்: பேக்வாஷில் (நீரைக் கீழிருந்து மேலே செலுத்திக் கழுவுவதில்) உருண்டு தேய்ந்தாலும் தூளாவது குறைவு. கூடுதல் விலை கொடுத்து அயோடின் 1100 வாங்குவது எஸ்.டி.பி.க்கு வீண். கழிவுநீரில் மிஞ்சும் கரிமப் பொருள் இரண்டு தரத்தின் துளைகளையும் ஒரே மாதிரி அடைத்துவிடும்.

மூட்டை வந்ததும் ஒரு லிட்டர் படியில் தட்டி நிரப்பி எடை போடுங்கள். 480 முதல் 520 கிராம் வரை நின்றால் சரி. 550-ஐத் தாண்டினால் ஈரம் ஏறியிருக்கிறது, அல்லது நீராவி போதவில்லை. வெப்ப அடுப்பில் காயவைத்து மறுபடி நிறுத்தால் எது என்று தெரிந்துவிடும். சாம்பல் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலக்கரி கலந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். சான்றிதழில் ஐ.எஸ். 877 முறைப்படி சோதித்ததாக இருக்கட்டும். தொகுதி எண்ணும் மூட்டையோடு பொருந்தட்டும்.

பெரும்பாலான புகார்கள் கார்பனால் வருவதில்லை, தொட்டியால் வருகின்றன. ஒரு நாளைக்கு 50 ஆயிரம் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்தில் பம்பு மணிக்கு 5 ஆயிரம் லிட்டர் தள்ளுகிறது என்று வைப்போம். நீர் கார்பனோடு 10 நிமிடமாவது இருக்க 830 லிட்டர் கார்பன் வேண்டும்: சுமார் 415 கிலோ, 17 மூட்டை. 900 மி.மீ. விட்டமுள்ள தொட்டியில் அது 1.3 மீட்டர் உயரம் வரும். மேலே இன்னும் அரை மீட்டருக்கு மேல் காலியிடம் தேவை. 600 மி.மீ. தொட்டியில் ஐந்து மூட்டை கொட்டினால் கிடைப்பது மூன்று நிமிடம். அதில் அயோடின் எவ்வளவு இருந்து என்ன?

அடுத்தது பேக்வாஷ். இந்தக் குருணைப் படுக்கை 20 சதவீதம் எழும்ப, 900 மி.மீ. தொட்டிக்கு மணிக்குச் சுமார் 16 ஆயிரம் லிட்டர் வேகம் தேவை. வடிகட்டிப் பம்பையே திருப்பி விட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. படுக்கை அசையாமல் நீர் இடுக்குவழி போகும், சேறு உள்ளேயே தங்கும், இரவில் பம்பு நின்றதும் காற்றில்லாமல் அழுகும். காலையில், சுத்திகரித்த நீர் போய்ச் சேரும் கழிவறை ஃபிளஷ் தொட்டியில் அழுகிய முட்டை வாடை. உடனே கார்பனை மாற்றச் சொல்வார்கள். மாற்ற வேண்டியது பம்பை.

நிரப்பும் முன் நல்ல நீரில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். துளைகளில் அடைந்த காற்று வெளியேறாவிட்டால் முதல் பேக்வாஷிலேயே குருணை மிதந்து ஓடிவிடும். பிறகு கறுப்பு நிற்கும்வரை பேக்வாஷ் செய்யாவிட்டால் எல்லா வீட்டுக் கழிவறையிலும் கரிநீர்தான். முதல் சில மணி நேரம் பி.ஹெச். 9-ஐத் தாண்டுவது இயல்பு. கிருமி கொல்லும் குளோரின் கரைசலான ஹைப்போவை மணல் வடிகட்டிக்கு முன்னால் மட்டும் விட்டால் கார்பன் அத்தனையையும் விழுங்கிவிடும். கார்பனுக்குப் பிறகும் ஒரு டோசிங் வேண்டும்.

ஆட்களுக்கான எச்சரிக்கை ஒன்று. ஈரக் கார்பன் மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். வாடை எதுவும் வராது, மயக்கம்தான் வரும். வாயு அளவி, காற்றோட்டம், வெளியே காவலுக்கு ஓர் ஆள் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

கழிவிலிருந்து வந்த பொருள் என்பதாலேயே பசுமை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுட்ட கரியை நீர் ஊற்றி அணைக்கும் கூடங்களில் தாரும் ஃபீனாலும் கலந்த நீர் கிணறுகளுக்கு இறங்குகிறது என்பது காங்கேயம், வெள்ளகோவில் பக்க விவசாயிகளின் புகார். புகையை எரித்துப் பயன்படுத்தும் மூடிய சூளைக் கரியா என்று விற்பவரிடம் கேளுங்கள். தீர்ந்த கார்பனை வெயிலில் உலர்த்தித் திருப்பித் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். போவது ஈரம் மட்டும். 800 டிகிரிக்கு மேல் நீராவிச் சூளையில் மறுபடி சுட்டால், பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொருள் குறைந்தாலும் உறிஞ்சும் திறன் பெரும்பாலும் திரும்பும். 400 கிலோவுக்காகச் சூளைக்காரர்கள் லாரி அனுப்புவது அரிது. பக்கத்துக் குடியிருப்புகளோடு சேர்ந்து ஒரே மாதத்தில் மாற்றினால் ஒரு லோடு தேறும்.