குர்குமின் கேப்சூல் ரிவ்யூ: அல்சரேட்டிவ் கோலைடிஸ் இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி படிங்க

குடல்ல புண்ணு, மோஷன்ல ரத்தம் வருதுன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் "மஞ்சள் சாப்பிடு, சரியாயிடும்"தான். எனக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடல் உள்சுவர்ல வீக்கமும் புண்ணும் வர்ற நாள்பட்ட நோய். வீக்கத்தை அடக்கற மெசலமின் மாத்திரைல ரெமிஷன்ல (நோய் அடங்கின நிலைல) இருக்கேன், ஜிஐ டாக்டர்கிட்ட (குடல் டாக்டர்) கேட்டுட்டு கூடவே மஞ்சள்ல இருக்கற குர்குமின்ங்கற சத்தோட கேப்சூலும் எடுத்துட்டு வர்றேன். பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா ஒரு பிராண்டைவிட லேபிள்ல என்ன பார்க்கணும்ங்கறது தெரிஞ்சா எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்.

முதல்ல டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க. முன்னாடி பெரிய எழுத்துல இத்தனை மில்லிகிராம் மஞ்சள்னு போட்டிருப்பாங்க, அது வெறும் மஞ்சள் தூளா இல்ல 95 சதவீதம் குர்குமினாய்டு (குர்குமினும் அதே வகைச் சத்துங்களும்) இருக்கற எக்ஸ்ட்ராக்ட்டாங்கறது பின்னாடிதான் தெரியும், ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. மஞ்சள் தூள்ல குர்குமின் சராசரியா 3 சதவீதம் பக்கம்தான், அப்ப ஆராய்ச்சில குடுத்த 2 கிராம் குர்குமின் கிடைக்கணும்னா தினமும் 60 கிராமுக்கு மேல தூள் சாப்பிடணும், அது யாராலயும் முடியாது. அதனால சமையல்ல கொஞ்சம் கூடுதலா போட்டா போதும்னு சொல்றவங்க பேச்சை நம்பி மருந்தை விட்டுடாதீங்க ப்ளீஸ்.

சரி, வேலை செய்யுதா? ஜப்பான்ல 2006ல வந்த ஆராய்ச்சில ரெமிஷன்ல இருந்த 89 கோலைடிஸ் பேஷண்ட்டுங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்குக் காலைல 1 கிராம் ராத்திரி 1 கிராம்னு 6 மாசம் குர்குமின் குடுத்தாங்க, அதுல திரும்ப ஃப்ளேர் (நோய் மறுபடி கிளம்பறது) வந்தவங்க 5 சதவீதத்துக்கும் கம்மி, டம்மி மாத்திரை எடுத்தவங்கள்ல 20 சதவீதம் பக்கம். 2015ல வந்த இன்னொண்ணுல மெசலமின் எடுத்தும் அடங்காம இருந்த 50 பேர்ல பாதிப் பேருக்கு தினம் 3 கிராம் வீதம் ஒரு மாசம் குடுத்தப்ப, எடுத்த 26 பேர்ல 14 பேருக்கு ரெமிஷன் வந்துச்சு, டம்மி குரூப்புல ஒருத்தருக்குக்கூட வரல. சின்ன ஆராய்ச்சிங்கதான், ஆனா படிச்சப்ப எனக்கு நிஜமாவே நம்பிக்கை வந்துச்சு. ஒண்ணு மட்டும் கவனிங்க, இந்த ரெண்டுலயும் யாரும் வழக்கமான மாத்திரையை நிறுத்தல, அதோட சேர்த்துதான் குர்குமின். நான் வாங்குன டப்பாக்குள்ள இருந்த நோட்டீஸ்ல "ரசாயன மருந்துக்கு மாற்று"ன்னு போட்டிருக்கு, படிச்சதும் கோவம்தான் வந்துச்சு, இதை நம்பி ஒருத்தர் மெசலமினை விட்டுட்டு ஃப்ளேர்ல போய் அட்மிட் ஆனா யார் பொறுப்பு?

க்ரோன்ஸ் (குடல்ல எந்த இடத்துலயும் வீக்கம் வரக்கூடிய இன்னொரு நோய்) இருக்கறவங்களுக்கு இதே கணக்கு போட முடியாது. ஆபரேஷனுக்கு அப்புறம் நோய் திரும்ப வராம தடுக்குமான்னு பிரான்ஸ்ல குர்குமின் குடுத்துப் பார்த்தாங்க, 2020ல ரிசல்ட் வந்துச்சு, டம்மி மாத்திரையைவிட ஒண்ணும் மேல இல்ல.

என் அனுபவத்துல பெரிய மாயம் எதுவும் நடக்கல. காலைல ஓடற அவசரம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, குடல் வீக்கம் இருக்கான்னு மலத்துல பார்க்கற கால்புரொடெக்டின் டெஸ்ட் நார்மல்லயே இருக்கு, ஆனா அது மெசலமினாலயா இதாலயான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. வெறும் வயித்துல போட்டா உப்புசம், சாப்பாட்டோட போட்டா பிரச்சனை இல்ல. மோஷன் மஞ்சளா போகும், பயப்படாதீங்க.

இந்த டப்பால எனக்குப் பிடிக்காதது பைப்பரின், அதாவது மிளகுல இருந்து எடுக்கற சத்து. குர்குமின் ரத்தத்துல சரியா ஏறாது, பைப்பரின் சேர்த்தா 20 மடங்கு ஏறுதுன்னு 1998ல ஒரு ஆராய்ச்சி வந்ததுல இருந்து நிறைய கம்பெனி இதைச் சேர்க்குது. ஆனா நமக்குப் புண்ணு இருக்கறது பெருங்குடலோட உள்சுவர்லதானே, ரத்தத்துல ஏறாம கீழ வரைக்கும் போறது நமக்கு நல்லதுதானேன்னு எனக்குத் தோணுது. தவிர பைப்பரின் மத்த மருந்துங்க உடம்புல உடையற வேகத்தையும் மாத்தும், மஞ்சள் சப்ளிமெண்ட்டால லிவர் பாதிச்ச கேஸும் பதிவாகியிருக்கு, அதுல பைப்பரின் சேர்த்த தயாரிப்புங்களும் உண்டு. அசாதயோபிரின் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து எடுக்கறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க, பித்தப்பைல கல் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடவே வேணாம்.

குடல் நோய்க்குன்னு சொல்ற மத்த இயற்கைப் பொருளுங்களைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். இசப்கோல் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஸ்பெயின்ல 1999ல ரெமிஷன்ல இருந்த 105 பேர் வச்சு செஞ்ச ஆராய்ச்சில அந்தச் செடியோட விதையை தினம் 20 கிராம் எடுத்தவங்களும் மெசலமின் எடுத்தவங்களும் ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருந்தாங்க, ஆனா குடல் சுருங்கியிருந்தா அடைச்சுக்கும், அதனால ஸ்ட்ரிக்சர் (அந்தச் சுருக்கம்) இருக்கற க்ரோன்ஸ் பேஷண்ட்டுங்க பக்கமே போகக் கூடாது. கத்தாழைல உள்ள ஜெல் வேற, தோலுக்கு அடியில வர்ற மஞ்சள் பால் வேற, அந்தப் பால் பேதி மருந்து. மீன் எண்ணெய் க்ரோன்ஸ் திரும்ப வராம தடுக்கலன்னு 2008ல ரெண்டு பெரிய ஆராய்ச்சி காட்டிடுச்சு, அதுக்கு காசு செலவு பண்ணாதீங்க.

என் மார்க் 5க்கு 3. லேசான, நடுத்தர கோலைடிஸ் இருந்து, மாத்திரையை ஒழுங்கா எடுத்துட்டு, கூட ஒரு துணை வேணும்னு நினைக்கறவங்க டாக்டர் ஓகே சொன்னா வாங்கலாம், அப்பப்ப லிவர் டெஸ்ட்டும் பண்ணிக்கோங்க. ரத்தம் அதிகமா போகுது, காய்ச்சல் இருக்கு, ராத்திரி தூக்கத்துல எழுந்து ஓடறீங்க, எடை குறையுதுன்னா கேப்சூல் தேடாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் இந்த டப்பா முடிஞ்சதும் பைப்பரின் இல்லாததா பார்த்துதான் வாங்கப் போறேன்.